மூன்று வேளைத் தீனி

“மீனுக்கு மூணு வேளையும் தீனி போடணும். ராவும் பகலும் லைட் எரியணும். புரிஞ்சுதாம்மா?”

வீட்டுக்காரர் வேதாசலம் சாவியை நீட்டியபோது ஹில்டாவுக்கு வயிறு எரிந்தது. அவருடைய புது மீன்தொட்டிக்குக் கோவளத்திலிருந்து கேன் கேனாகக் கடல்தண்ணீர் வருகிறது. மாடியில் குடியிருக்கும் அவளுக்கோ, இந்த ராஜகீழ்ப்பாக்கத்து வெயிலில் குழாயில் வெறும் காற்றுதான் வருகிறது. மோட்டார் போடச் சொன்னால், “பிடிக்கலேன்னா காலி பண்ணிக்கோ” என்பார்.

‘இரு, உன் மீனுக்குப் பாடை கட்டறேன்’ என்று கறுவிக்கொண்டாள்.

அவர் பெங்களூர் போயிருந்த வாரம் முழுக்க ஒரு சிட்டிகைத் தீனிகூடப் போடவில்லை. லைட்டையும் அணைத்துவிட்டாள்.

திரும்பி வந்தவர், “ஹில்டா!” என்று அலறினார். அவள் உள்ளுக்குள் சிரித்தபடி இறங்கி வந்தாள்.

“பாசியெல்லாம் போயிடுச்சும்மா! தண்ணி கண்ணாடியாட்டம் இருக்கு!”

உள்ளே மீன்கள் துள்ளிக்கொண்டிருந்தன.

“பெங்களூர்ல மீன்தொட்டிக் கடைக்காரர் திட்டினார். மிச்சத் தீனி அழுகினா தண்ணியே விஷமாம். விடாம லைட் எரிஞ்சா பாசி மண்டுமாம். நான் போட்ட மாதிரியே நீயும் போட்டிருந்தா எல்லாம் செத்திருக்கும்! இனிமே தொட்டி உன் பொறுப்பு.”

“சார், குழாய்த் தண்ணி...”

“அந்தப் பேச்சே வேணாம்.”

அவர் வெளியே கிளம்பியதும் ஹில்டா லைட்டைப் போட்டாள். தீனி டப்பாவைத் திறந்து கை நிறைய அள்ளினாள்.

“சாப்பிடுங்கடா கண்ணுங்களா, வயிறு முட்டச் சாப்பிடுங்க!”