காயாத சுவர்

“ஏங்க, நம்ம சமையல்காரி சுவரோட பேசுறா.”

தலைவர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. ஆற்றுப் பாதுகாப்புச் சங்கத்துக்குத் தலைவர் அவர். மறுநாள் கூட்டத்துக்குப் பேச்சு எழுதிக்கொண்டிருந்தார். ஆற்றைத் தாய் என்பதா, தெய்வம் என்பதா என்பதில் ஒரே குழப்பம்.

“அலுப்புல தனக்குத்தானே புலம்புவா. விடு.”

“புலம்பல் இல்லீங்க. சாயங்காலம் ஆனா போதும், புது ரூமுக்குள்ள போயிடறா. சுவர்ல காயாம ஒரு இடம் இருக்கே, அங்க வாயை வெச்சு குசுகுசுன்னு ஏதோ சொல்றா. நம்ம பொண்ணு பிரசவத்துக்கு வந்து படுக்கப்போற ரூம்ங்க. செய்வினை கிய்வினை வெச்சுட்டான்னா?”

இதற்கு மேலும் சும்மா இருக்க முடியுமா? எழுந்தார்.

அந்த ஈரம் அவருக்கும் உறுத்தல்தான். பூசி மாதக்கணக்காகிறது. மற்ற இடமெல்லாம் காய்ந்துவிட்டது. அந்த ஓர் இடம் மட்டும், சின்னக் குழந்தை நிற்கும் உயரத்தில், நசநசவென்றே இருந்தது. பக்கத்தில் குழாயும் இல்லை. கொத்தனார் வந்து பார்த்துவிட்டுக் கையை விரித்துவிட்டார்.

இருவரும் கதவோரம் நின்று எட்டிப் பார்த்தார்கள்.

சமையல்காரி மண்டியிட்டு, ஈரத்தில் கன்னத்தை வைத்திருந்தாள்.

“சமத்து இல்ல? சொன்னா கேக்கணும்.”

பேச்சை நிறுத்தினாள். யாரோ பதில் சொல்வதைக் கேட்பவள்போல் தலையாட்டினாள். பிறகு லேசாகச் சிரித்தாள்.

அறையில் வேறு யாரும் இல்லை. மனைவிக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது.

“ஏய்! என்ன பண்றே அங்க?” தலைவர் கத்தினார். “நாளைலேர்ந்து நீ வேலைக்கு வரவேண்டாம்.”

அவள் பதறி எழுந்தாள். “ஐயா, அப்படிச் சொல்லாதீங்க. சம்பளம்கூட வேணாம். இந்த ரூமுக்கு மட்டும் தினம் வந்துட்டுப் போறேன்.”

“எதுக்கு?”

மூடியிருந்த கையை விரித்தாள். உள்ளங்கையில் நீலப் பாசிமணிகள் இரண்டு.

“பெருக்கும்போது இந்த இடத்துல காரை உதிர்ந்துச்சு. உள்ள இது இருந்துச்சு. என் பொண்ணு கழுத்துல நானே கோத்துப் போட்டதுங்க. போன வருஷம் காய்ச்சல்ல போயிட்டா. எதிர்க்கரை மணல்மேட்டுலதான் புதைச்சோம். மீன் பிடிக்கிற எங்க சனத்துக்கு அதுதான் இடம். அப்புறம் லாரி லாரியா வந்து மணலை அள்ளிட்டாங்க. போய்ப் பார்த்தேன். வெறும் குழிதான் இருந்துச்சு.”

மனைவி கணவன் பக்கம் திரும்பினாள்.

“இந்த ரூமுக்கு மணல் எங்கேருந்துங்க வந்துச்சு?”

“எதிர்க்கரைதான்...” சட்டென்று குரலை உயர்த்தினார். “ஆனா, நம்ம கரையில ஒரு பிடி மண்ணு எடுக்க விட்டிருப்பேனா? தடை வாங்கினதே நான்தானே?”

மனைவி அதைக் காதில் வாங்கவில்லை. சமையல்காரியின் அருகில் போனாள். பயம் இன்னும் விடவில்லை.

“தினமும் சுவர்கிட்ட என்னதான் சொல்லிட்டிருந்தே?”

“வேற ஒண்ணுமில்லம்மா. இந்த ரூமுக்கு ஒரு பாப்பா வரப்போகுது, ராத்திரில அழுது அதைப் பயமுறுத்தாம சமத்தா இருன்னு சொல்லிட்டிருந்தேன்.”