பாட்டு நிற்கவில்லை

'கிளம்பிட்டியாம்மா? திரும்பிப் பார்த்தா மனசு இளகிடும். பார்க்காதே.'

கைப்பேசியில் வந்த வரிகளை அவள் இரண்டாம் முறை படித்தாள். குளித்த தலையிலிருந்து சொட்டிய நீர் திரையில் விழுந்தது. துடைத்துவிட்டு, 'இதோ கிளம்பறேன்' என்று பதில் போட்டாள்.

எதிர்முனையில் இருப்பவளை அவள் பார்த்ததில்லை. 'அக்கா' என்றுதான் கூப்பிடுவாள். சின்னக் குழந்தை வைத்திருப்பவர்கள் மனம்விட்டுப் பேசவென்றே வந்த செயலி அது. பெயர் கேட்காது, முகம் கேட்காது, வீட்டில் யாருக்கும் தெரியவும் தெரியாது.

தெரிந்தால் மானம் போய்விடும். ஒன்றரை வயது மகள் முந்தாநாள் ராத்திரி தொண்டை கிழியக் கத்தியபோது, தலையணையை எடுத்து அந்த வாயை ஒரே அமுக்காக அமுக்கினால் என்ன என்று அவளுக்குத் தோன்றியது. செய்யவில்லை. ஆனால் பெற்ற வயிறு இப்படியும் நினைக்குமா என்று குலை நடுங்கிப்போனாள். புருஷனிடம் சொல்ல வாய் வரவில்லை. அக்காவிடம் கொட்டிவிட்டாள்.

அக்கா பதறவில்லை, திட்டவும் இல்லை. 'நினைக்கிறது வேற, செய்யறது வேற. உனக்கு மூச்சு விட இடம் வேணும். குழந்தையை வீட்டுல இருக்கிற பெரியவங்ககிட்ட ஒப்படைச்சிட்டு, தினமும் கொஞ்ச நேரம் தனியா நடந்துட்டு வா.'

இன்றைக்குத்தான் முதல் நாள்.

படுக்கையறைக் கதவு சாத்தியிருந்தது. உள்ளே கணவனின் பாட்டு. அவன் பஸ் டிரைவர். டிப்போவில் அவனுக்கு 'ஹாரன்' என்று பட்டப்பெயர். அந்தக் குரலைக் கேட்டுத் தூங்குகிற குழந்தை உலகத்திலேயே இது ஒன்றுதான். பாட்டும் அவனுடைய சொந்தச் சரக்கு.

"கார் போச்சு... பஸ் போச்சு..." ஒரு செருமல். "லாரியும் போச்சு..."

கதவைத் திறந்தால் கிறீச்சிடும். அவ்வளவுதான், அப்புறம் விடிய விடியக் கச்சேரி. அதனால் கதவிடுக்கில் வாயை வைத்து மெல்லச் சொன்னாள்: "ஏங்க, பால் அடுப்புல இருக்கு. பொங்கறதுக்குள்ள அணைச்சிடுங்க. நான் கடை வரைக்கும் போயிட்டு வந்துடறேன்."

பதில் வராது என்று அவளுக்குத் தெரியும். தூங்க வைக்கும்போது நடுவில் பேசக் கூடாது என்பது இருவருக்குள்ளும் எழுதாத சட்டம். பாட்டு தொடர்ந்தால் 'சரி' என்று அர்த்தம்.

"கார் போச்சு... பஸ் போச்சு..." மறுபடி அதே இடத்தில் செருமல். "லாரியும் போச்சு..."

'ஒப்படைச்சாச்சா? நேருக்கு நேர் சொன்னியா?' அக்கா விடவில்லை.

'சொல்லிட்டேன்' என்று போட்டாள். கதவுக்கு நேராக நின்றுதானே சொன்னாள்?

வாசல் கதவு இழுத்துச் சாத்தினால் தானே பூட்டிக்கொள்ளும் ரகம். சாவிகள் இரண்டும் ஆணியில் தொங்கின. உள்ளே ஆள் இருக்கும்போது சாவி எதற்கு? செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு படியிறங்கினாள்.

தெருவுக்கு வந்ததும் ஏதோ ஆகப்போகிறது என்று உள்ளே ஒன்று அடித்துக்கொண்டே இருந்தது. மருந்துக்கடை வாசலில் ஒரு தடவை நின்றாள். பூட்டிய பள்ளிக்கூடத்துப் பக்கம் இன்னொரு தடவை நின்று திரும்பிப் பார்த்தாள். 'முதல் நாள் அப்படித்தான் இருக்கும். நட' என்றாள் அக்கா. நடந்தாள்.

பூங்காவில் விளக்குகள் எரியத் தொடங்கியிருந்தன. ஒரு பெஞ்சில் யாரோ ஒருவன் முதுகைக் காட்டிக் குனிந்து உட்கார்ந்திருந்தான். அவன் கைப்பேசியில் ஒரு நீல வட்டம் பெருத்துப் பெருத்துச் சுருங்கியது. அவளுக்குத் தெரிந்த வட்டம். அதோடு சேர்ந்து மூச்சை இழுத்து விடச் சொல்லி அக்கா அனுப்புவாள்.

அட, ஆம்பிளைகளுக்கும் இந்தப் பாடு உண்டா! அவன் தோள் குலுங்குவதைப் பார்த்ததும் அவளுக்கு மனசு இளகிவிட்டது. நாம் மட்டும் ராட்சசி இல்லை என்று பல நாளைக்குப் பிறகு நிம்மதியாக இருந்தது. பக்கத்தில் போய் ஆறுதலாக ஒரு வார்த்தை சொல்லலாமா என்று நெருங்கினாள்.

அவன் செருமினான்.

பாட்டுக்கு நடுவில் வருகிற அதே செருமல். அவன் திரும்பினான். அழுது சிவந்த கண்களோடு அவள் கணவன்.

"நீ எங்க இங்க வந்தே?" பதறி எழுந்தான். "குழந்தையை யார்கிட்ட விட்டுட்டு வந்தே?"

"உங்ககிட்டதான்! உள்ள பாடிட்டு இருந்தீங்களே!"

"அது பழைய போன்ல பதிவு பண்ணி வச்ச பாட்டு. நடுவுல முழிச்சாலும் என் குரல் கேக்கட்டும்னு ஓட விட்டுட்டு வந்தேன். வெளில போய்க் கொஞ்சம் மூச்சு விட்டுட்டு வாங்கன்னு இந்த ஆப்புல ஒரு அண்ணன் சொன்னாரு. பாத்ரூம் கதவுகிட்ட நின்னு சொல்லிட்டுத்தானே வந்தேன்... தண்ணிச் சத்தத்துல உனக்குக் கேக்கலையா?"

"பால்..." என்றாள் அவள்.

இருவரும் ஓடினார்கள். பூங்கா வாசலைத் தாண்டும்போது அவன் கை சட்டைப் பையைத் தடவியது. பிறகு பேன்ட் பையை. ஓட்டம் அப்படியே நின்றது.

"சாவி உன்கிட்ட இருக்குல்ல?"