வெறுங்கை

"தொடாதீங்க தாஜு."

அண்ணன் என்று மரியாதையாக விளித்தாலும் அதட்டல்தான்; சிலையை நோக்கி நீட்டிய கையை அஷ்டமான் வெடுக்கென்று இழுத்துக்கொண்டான். பயிற்சி தொடங்கிப் பத்து நிமிடம்கூட ஆகவில்லை. லலித்பூர் அருங்காட்சியகத்தின் எட்டு ஊழியர்கள் முன்னால் மானம் போயிற்று.

காத்மாண்டுவிலிருந்து பயிற்சி கொடுக்க வந்திருந்த ரஜனி மிஸ் சிரித்து யாரும் பார்த்ததில்லை.

"கை வேர்வை கல்லை அரிச்சிடும். கையுறை இல்லாம எதையும் தொடக் கூடாது. தொட்டா சான்றிதழ் கிடையாது."

சான்றிதழ் இல்லையென்றால் அவன் காவலாளி வேலை நிரந்தரமாகாது.

"இது எங்க தெரு சாமி, மிஸ்."

அவனுக்கு ஏழு வயதில் திருடு போன உமாமகேஸ்வரர். காலி மாடத்துக்கே அம்மா சாகும்வரை செந்தூரம் வைத்தாள். நாற்பது வருடம் கழித்து, போன மாதம்தான் சிலை வெளிநாட்டிலிருந்து திரும்பியிருந்தது. தயங்கித் தயங்கி எல்லாவற்றையும் சொன்னான்.

"அங்கே சாமி. இங்கே நானூத்திப் பன்னிரண்டாம் நம்பர்," என்றாள் மிஸ். நோட்டில் என்னவோ எழுதிக்கொண்டாள்.

கல்நெஞ்சக்காரி என்று மற்றவர்கள் இடைவேளையில் அவலை மென்றபடி திட்டித் தீர்த்தார்கள். அஷ்டமான் சிலை இருந்த பக்கமே பார்த்துக்கொண்டிருந்தான். சிலை கடல் தாண்டிக் கிடந்தபோதுகூட அவன் இவ்வளவு ஏங்கியதில்லை. இப்போது ஒரு முழத் தூரம்தான். அந்தப் பாதத்தை ஒரே ஒரு தடவை தொட்டால் போதுமென்று மனசு அடித்துக்கொண்டது.

ஐந்தாம் நாள் தேர்வு. ஆளுக்கொரு பொருளைத் தூசி தட்டி, சேதம் பார்த்து எழுத வேண்டும். அஷ்டமானுக்கு நானூற்றுப் பன்னிரண்டு. வேண்டுமென்றே மாட்டிவிடுகிறாள் என்று பின்னால் யாரோ முணுமுணுத்தார்கள்.

அவன் கையுறைக்குக் கை நீட்டினான்.

"தீர்ந்துபோச்சு," என்றாள் மிஸ், முகத்தைப் பார்க்காமல். "கையைக் கழுவி, நல்லாத் துடைச்சிட்டு வாங்க. பாதத்துல விரிசல் இருக்கிற மாதிரி தெரியுது. தடவித்தான் பார்க்கணும். அவசரம் வேண்டாம்."

தடவினான். விரிசல் எதுவும் தட்டுப்படவில்லை. தெருவே தொட்டுத் தொட்டுத் தேய்ந்த பாதம், சின்ன வயதில் அம்மா தூக்கிப் பிடித்துத் தொட வைத்தபோது இருந்த அதே வழவழப்பு. கண்ணீர் கல்லில் விழுந்துவிடாமல் முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

'விரிசல் இல்லை' என்று எழுதிக் கொடுத்தான். மிஸ் சரி போட்டாள்.

அவன் கதவருகே போவதற்குள் அடுத்ததாகச் சக ஊழியை சரிதா வந்தாள். கையுறை தீர்ந்துவிட்டதென்று கேட்டு அவளும் கையைக் கழுவித் துடைத்துக்கொண்டு வந்திருந்தாள்.

மிஸ் மேசைக்கடியிலிருந்து பிரிக்காத பெட்டி ஒன்றை எடுத்துப் பிரித்து, ஒரு ஜோடி கையுறையை நீட்டினாள்.

"வெறுங்கையால தொடுறதா? அஞ்சு நாளா என்னத்தைச் சொல்லிக் கொடுத்தேன்?"