ஈரம் குடிக்கும் பலகை

சீமைக் கருவேல மரத்தூளை அழுத்திப் பலகை செய்யும் பரமக்குடி ஆலையில் சேதுராசுக்கு வேலை. அங்கே புதிதாக வந்த பசை காற்றின் ஈரத்தைக் குடிக்கும். குடிக்கக் குடிக்கப் பலகை இறுகும். ஆலை தந்த வீட்டுச் சுவரெல்லாம் அந்தப் பலகைதான். ஐப்பசி அடைமழையிலும் ஜாடியில் உப்பு கசியவில்லை. அவன் மனைவி செவ்வந்தி கூடத்திலேயே மோர்மிளகாய் காயவைத்தாள். தெருவே பொறாமைப்பட்டது.

மகளுக்கு மூன்று மாதம் ஆனதும், ஆலையில் மிஞ்சிய புதுப் பலகையில் சேதுராசு தொட்டில் செய்தான்.

“சேலையில தூளி கட்டுனாப் போதாதா?” என்றாள் செவ்வந்தி.

“ஊருக்கே பலகை செய்யுறவன் புள்ள, கிழிஞ்ச சேலையிலயா தூங்கணும்?”

மூன்றாம் நாள் காலை தொட்டிலில் குழந்தை வீறிட்டது. செவ்வந்தி ஓடிப்போய்த் தூக்கினாள். பழைய கனத்தை எதிர்பார்த்துத் தூக்கியதில், பிள்ளை விருட்டென்று அவள் தலைக்கு மேலே எழும்பியது.

“என்னங்க, புள்ள கனமே இல்லங்க!”

சேதுராசு ஓடிவந்தான். உதடு வெடித்து, வாய் பிளந்து அழுதுகொண்டிருந்தாள் மகள். கண்ணில் ஒரு சொட்டு நீர் இல்லை.

தொட்டிலின் விளிம்பைப் பிடித்தான். முந்தாநாள் நகம் பட்டாலே பதிந்த பலகை, இரும்பாய் இறுகியிருந்தது.