படலில் கட்டிய கன்று

கறிக்காகக் காளைகளை மேய்ச்சல் காட்டில் விட்டு வளர்த்து விற்பவள் அருளாயி. அவள் லாரியில் மாடு ஏற்றும்போதெல்லாம் பக்கத்துத் தோட்டத்துப் பால்காரர் நல்லதம்பி காறித் துப்புவார். "பாவத்துல சோறு திங்கிறா" என்பார், ஊர் கேட்க.

அன்று காலை அவளுடைய வாசல் படலில் ஒரு காளைக்கன்றை யாரோ கட்டிவிட்டுப் போயிருந்தார்கள். காய்ந்த தொப்புள்கொடி இன்னும் விழவில்லை. நெற்றியில் வெள்ளைச் சுட்டி, நல்லதம்பியின் பசுவுக்கு இருப்பதைப் போலவே. அருளாயிக்கு உடம்பெல்லாம் எரிந்தது. கன்றைத் தோளில் தூக்கிக்கொண்டு போனாள்.

நல்லதம்பி கட்டுத்தரையில் பால் கறந்துகொண்டிருந்தார்.

"ஏனுங்க, இது உங்க மாட்டுக் கன்னுதானுங்க?"

அவர் திரும்பவில்லை. "கெடேரின்னா வெச்சுக்குவேன். காளைக்கன்னு பாலா குடுக்கப் போவுது? உனக்குத்தான் ஆகுமேன்னு..."

"கும்புடறதுக்கு நீங்க, அறுக்க அனுப்பறதுக்கு நானா?"

அவள் கன்றைப் பசுவின் மடியில் விட்டாள். பசு அடித்தொண்டையில் குரல் கொடுத்தபடி அதை நக்கியது. நல்லதம்பி கன்றின் கழுத்தைப் பிடித்து இழுக்க எழுந்தார்.

"தொட்டுப் பாரு" என்றாள் அருளாயி. மரியாதை போய்விட்டிருந்தது.

வெளியே பால்வண்டி வந்து ஹாரன் அடித்தது. கன்று முட்டி முட்டிக் குடித்தது. பாதி நிறைந்த பால் போசியோடு நல்லதம்பி வாசலைப் பார்த்தார். அவள் நகரவில்லை.