பாதாம் மரத்து இலை

"கொஞ்சம் தள்ளி நில்லுங்கம்மா, ரோஜா மறையுது."

குடியிருப்போர் நலச்சங்கச் செயலாளர் குருமூர்த்தி செல்போனைத் தூக்கிப் பிடித்தபடி சொன்னதும் ஜெயப்ரியாவுக்கு முகம் சுண்டிப்போனது. தள்ளி நின்றாள்.

போன வருஷம் 'சிறந்த வீட்டுத் தோட்டம்' பரிசை வாங்கியவள் அவள்தான். இதே குருமூர்த்திதான் கேடயத்தைக் கையில் கொடுத்தார். இந்த வருஷம் மனுஷர் அவள் வீட்டு கேட்டை ஏறிட்டுக்கூடப் பார்க்காமல் நேராகப் பக்கத்து வீட்டுக்குள் நுழைந்துவிட்டார்.

பக்கத்து வீட்டு சூசைமேரி வாடகைக்கு வந்து எட்டு மாசம்தான் ஆகிறது. கார்மென்ட்ஸ் கம்பெனியில் தையல் வேலை. அதற்குள் சுவரோரம் முழுக்க ரோஜா, அவரைப் பந்தல், தண்டுக்கீரை.

"என்ன உரம் போடறீங்க?" என்றார் குருமூர்த்தி.

"உரம் வாங்கறதில்லைங்க சார். இலைதான். குழியில போட்டு மக்க வச்சுப் போடறேன்."

குருமூர்த்தி ஒரு கம்பெனியில் சுற்றுச்சூழல் பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவர். கூடியிருந்தவர்கள் பக்கம் திரும்பினார்.

"பாத்துக்குங்க. இலையைக் கொளுத்தினா அதுல இருக்கிற கார்பன் அத்தனையும் உடனே காத்துல கலந்துடும். மக்க வச்சா அதுல ஒரு பகுதியாவது மண்ணுக்குச் சேரும். இந்தம்மா எவ்வளவு பெரிய காரியம் பண்றாங்க."

ஜெயப்ரியா வீட்டுக்குள் வந்து கதவைச் சாத்தினாள். பாகலூர் நர்சரியில் பொறுக்கிப் பொறுக்கி வாங்கிய செடிகள், மூட்டை மூட்டையாக உரம். அத்தனையும் போட்டும் அவள் ரோஜா இலை சுருண்டு கிடக்கிறது.

"நேத்து வந்தவளுக்கு வந்த வாழ்வைப் பாத்தீங்களா?" என்றாள் கணவன் ராஜ்குமாரிடம்.

"நல்லாத்தானே வளர்த்திருக்கு அந்தப் பொண்ணு. நீயும் கேட்டுத் தெரிஞ்சுக்க" என்றான் அவன்.

அது இன்னும் சுருக்கென்றது.

சூசைமேரியிடம் ஏது அவ்வளவு இலை? அந்த வீட்டில் மரமே கிடையாதே.

மறுநாள் விடிகாலை ஐந்தரைக்கு ஜன்னல் வழியாகப் பார்த்தபோது விஷயம் விளங்கியது. சூசைமேரி, ஜெயப்ரியா வீட்டு வாசலில் குனிந்து, அங்கிருந்த பாதாம் மரத்தடியில் கிடந்த இலைகளைக் கூட்டி சிமெண்ட் சாக்கில் அள்ளிக்கொண்டிருந்தாள்.

முன்பெல்லாம் அந்த இலைகளை ஜெயப்ரியாதான் தினமும் கூட்டிக் கொளுத்துவாள். ஏழெட்டு மாசமாக வாசல் சுத்தமாகவே இருந்ததால் மாநகராட்சி ஆட்கள் அள்ளிப் போவதாக நினைத்திருந்தாள்.

விடுவிடுவென்று வெளியே வந்தாள்.

"என்ன மேரி, எங்க மரத்து இலையைக் கேக்காமலே அள்றே?"

சூசைமேரி நிமிர்ந்தாள். "குப்பையாத்தானேக்கா போகுது..."

"குப்பையா இருந்தாலும் எங்க குப்பை. எங்க இலையை வச்சு நீ பேர் வாங்குவே, நாங்க ஓரமா நின்னு வேடிக்கை பாக்கணுமா? இனிமே நானே பாத்துக்கறேன்."

சூசைமேரி ஏதோ சொல்ல வாயெடுத்தாள். பிறகு, "சரிக்கா" என்று சாக்கைக் கவிழ்த்துவிட்டுப் போனாள்.

அடுத்த நாள் ஜெயப்ரியா ஐந்து மணிக்கே எழுந்தாள். கூட்டினாள், குவித்தாள், தீ வைத்தாள். பனி ஈரத்தில் இலை சரியாகப் பற்றாமல் புகைந்துகொண்டே இருந்தது. பக்கத்து வீட்டு அவரைப் பந்தலைப் பார்த்தபோது மனசு குளிர்ந்தது. இனி எதைப் போட்டு வளர்ப்பாள்?

மூன்று நாள் அப்படியே போனது.

நான்காம் நாள் காலை ஆறரைக்கு, நைட் ஷிஃப்ட் முடித்து கம்பெனி பஸ்ஸிலிருந்து இறங்கி வந்த ராஜ்குமாரால் வாசல்படி ஏற முடியவில்லை. கேட்டைப் பிடித்துக்கொண்டு இருமினான். மூச்சு விசிலடித்தது.

ஆட்டோ பிடித்து கிளினிக்குக்கு ஓடினார்கள். மாஸ்க் மாட்டி மருந்துப் புகை வைத்த பிறகுதான் நெஞ்சு அடங்கியது.

டாக்டர் பழைய சீட்டுகளைப் புரட்டினார். "மாசம் ரெண்டு தடவை வந்துட்டிருந்தீங்க. ஏழெட்டு மாசமா ஆளைக் காணோம். வீசிங் விட்டுப்போச்சுன்னு நினைச்சேன். திடீர்னு என்ன ஆச்சு? புகை ஏதாவது?"

"அவருக்கு இரும்பு உருக்கற ஃபவுண்டரியில வேலைங்க டாக்டர்" என்றாள் ஜெயப்ரியா அவசரமாக.

"அந்த வேலை இந்த ஏழெட்டு மாசமும் இருந்ததுதானேம்மா?"



சாயங்காலம் பக்கத்து வீட்டுக்குப் போனாள். கேட்டைத் திறக்கவே கை கூசியது. சூசைமேரி கீரைக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தாள்.

"அண்ணனுக்கு எப்படிக்கா இருக்கு?"

"இப்பப் பரவால்ல. இனிமே நான் கொளுத்தப் போறதில்ல மேரி. இலையை நீயே எடுத்துக்க. என் கோவத்துல உன் தோட்டம் காஞ்சுடக் கூடாது" என்றாள்.

சூசைமேரி குடத்தைக் கீழே வைத்தாள்.

"தோட்டத்துக்காக எடுக்கலைக்கா. நான் வந்த புதுசுல, காலையில அண்ணன் வேலை முடிஞ்சு வந்ததும் அந்தப் புகையில இருமற சத்தம் எங்க சமையல்கட்டு வரைக்கும் கேக்கும். வாடகைக்கு வந்தவ, சொந்த வீட்டுக்காரங்ககிட்டப் போய் கொளுத்தாதீங்கன்னு எப்படிச் சொல்றது? அதான் நீங்க எழுந்திரிக்கறதுக்குள்ள அள்ளிட்டு வந்துடுவேன். அள்ளினதை எங்க போடறதுன்னு தெரியாமத்தான் குழி வெட்டினேன். செடியெல்லாம் அதுக்கப்புறம் வச்சதுக்கா."