மிச்சமிருந்த கஞ்சி

குடிசை எரிந்துபோன குடும்பத்துக்கு வீட்டு அரிசி முழுவதையும் கொடுத்துவிட்டு வந்தார் உபதேசியார் ஞானாபரணம்.

"கர்த்தர் தருவாரு, ரஞ்சிதம்."

"தருவாரு. அதுவரைக்கும் வயிறு பொறுக்கணும்லா?" என்றாள் மனைவி.

மத்தியானம் வேதக்கோயில் வாசலில் கைக்குழந்தையோடு ஒருத்தி சுருண்டு கிடந்தாள். ரஞ்சிதம் பானையில் மிச்சமிருந்த கஞ்சியைக் கொண்டுபோய்க் கொடுத்தாள்.

"நீங்க சாப்பிட்டாச்சாம்மா?"

"ஆச்சு. நீ குடி."

வீட்டுக்கு வந்து ஜெபிக்க முழங்காலிட்டாள். "ஆண்டவரே" என்பதற்குமேல் வார்த்தை வரவில்லை. அப்படியே சுவரில் சாய்ந்து தூங்கிப்போனாள்.

பொழுது சாயும்போது யாரோ கதவைத் தட்டினார்கள். அவளை எழுப்ப மனமில்லாமல் ஞானாபரணமே எழுந்து போனார். கொடுக்க வந்தவர்களா, கேட்க வந்தவர்களா என்று தெரியாமல், தாழ்ப்பாளில் கைவைத்தபடி கொஞ்சநேரம் நின்றார்.